மூக்கில் அடிக்கும் மருந்தும் மூத்தவனின் பசியும்: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

என் மூத்த மகனுக்கு 12 வயது, பிராடர்-வில்லி என்ற மரபணு வருத்தம். நாங்கள் இருப்பது கல்லடியில், அவனுடைய அப்பாவின் ஆட்கள் அக்கரைப்பற்றில். சுவிஸில் இருக்கும் மாமி ஒருவர் “பசிக்கு மூக்கில் அடிக்கிற மருந்து வந்திட்டுதாம்” என்று குரல் பதிவு அனுப்பியதிலிருந்து இரண்டு ஊரிலும், கிளினிக் வாங்கிலும், ஒருமுறை கல்முனை பஸ்ஸில் நின்றுகொண்டும்கூட, ஒரே கேள்விகளுக்கு ஒரே பதிலைச் சொல்லி எனக்கு வாய் வலித்துவிட்டது. அதனால்தான் எழுதி வைக்கிறேன். நான் டொக்டர் இல்லை, விஞ்ஞானம் படிப்பிக்கிற டீச்சர். கேள்விகளை ஆட்கள் கேட்டபடியே போட்டிருக்கிறேன்.

டீச்சர், பிள்ளைக்குப் பசி கூட என்றால் நல்லதுதானே? எங்கட பிள்ளை சாப்பிடுறானே இல்லை.

இதைக் கேட்காத ஆளே இல்லை. உங்கள் பிள்ளைக்கு வயிறு நிறைந்தால் “போதும்” என்ற செய்தி மூளைக்குப் போகும், என் மகனுக்குப் போகாது. மூளையின் அடியில் ஹைப்போதலாமஸ் என்று ஒரு சின்னப் பகுதி இருக்கிறது, பசி, தாகம், உடல் வெப்பம், வளர்ச்சி எல்லாவற்றுக்கும் அதுதான் கணக்குப்பிள்ளை. இந்த வருத்தத்தில் அங்கேதான் பிழை. மூன்று அகப்பை சோறு சாப்பிட்டு எழும்பிய கையோடு மூன்று நாள் பட்டினி கிடந்தவன் மாதிரி அவனுக்குப் பசிக்கும், அது நடிப்பில்லை.

இதில் கொடுமை என்னவென்றால், தசை குறைவாக இருப்பதால் இந்தப் பிள்ளைகளின் உடம்புக்குத் தேவைப்படும் சாப்பாடு மற்றப் பிள்ளைகளின் தேவையில் ஏறக்குறைய 60 முதல் 80 சதவீதம்தான். பசி இரண்டு மடங்கு, தேவை முக்கால் பங்கு. குசினிக்குப் பூட்டுப் போட்டிருப்பதைப் பார்த்து என்னை ராட்சசி என்று நினைக்கிறவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கவும்.

இது தாய் வழியா, தகப்பன் வழியா? சொந்தத்துக்குள்ள கட்டினதாலயா?

எங்கள் பக்கத்தில் குடி (வம்சப் பிரிவு), காணி, வீடு எல்லாம் தாய்வழி என்பதால் வருத்தமும் தாய்வழிதான் என்று முடிவு கட்டி, என் அம்மாவின் குடியில் யாருக்கு என்ன இருந்தது என்று விசாரித்துத் திரிந்தவர்களும் உண்டு. விசயம் வேறு. நம் நிறமூர்த்தங்களில் (குரோமோசோம்களில்) 15ஆவது சோடியில் ஒரு பகுதி இருக்கிறது. அங்கே சில மரபணுக்கள் தாயிடமிருந்து வந்தால் இயற்கையாகவே உறங்கிவிடும், தகப்பனிடமிருந்து வந்தது மட்டும்தான் வேலை செய்யும். அந்தத் தகப்பன் பகுதி அறுந்து போனாலோ, இரண்டு பிரதியுமே தாயிடமிருந்து வந்துவிட்டாலோ, வேலை செய்ய ஆளில்லை. அதுதான் பிராடர்-வில்லி.

இப்படிச் சொன்னவுடன் “அப்ப தகப்பனில்தான் பிழை” என்று அடுத்த பக்கம் சாய வேண்டாம். பெரும்பாலும் கரு உருவாகும் நேரத்தில் தற்செயலாக நடப்பது இது, சொந்தத்தில் கட்டினாலும் அசலில் கட்டினாலும் வரும். மிகச் சில குடும்பங்களில் மட்டும் அடுத்த பிள்ளைக்கும் வரும் வாய்ப்பு கூடுதலாக இருக்கும், அது எந்த வகை என்று இரத்தப் பரிசோதனையில் பார்க்கலாம்.

கைக்குழந்தையில பால் குடிக்கவே மாட்டானே, அவனா இப்ப இப்படி?

ஓம், அவனேதான். பிறந்தபோது துணிப்பொம்மை மாதிரித் துவண்டு கிடந்தான், உறிஞ்சப் பலமில்லை, குழாய் வழியாகத்தான் பால். அழக்கூட மாட்டான். “தாய்க்குப் பால் குடுக்கப் பழக்கமில்லை” என்று ஒரு பெரிய டொக்டர் வார்ட்டில் எல்லோருக்கும் கேட்கச் சொல்லிவிட்டுப் போனார், அந்த வார்த்தை இன்னும் காதில் இருக்கிறது. முதலில் சாப்பிடவே மாட்டாத பிள்ளை, பிறகு இரண்டு வயதுக்கும் எட்டு வயதுக்கும் இடையில் எப்போதோ சாப்பாட்டின் மேல் வெறி கொள்வது, இரண்டும் ஒரே வருத்தத்தின் இரண்டு முகம். சூரிச்சில் மூன்று டொக்டர்மார் 1956இலேயே இதை எழுதிவைத்துவிட்டார்கள், அவர்களில் இருவரின் பெயர்தான் வருத்தத்தின் பெயர். எங்களுக்கு ஐந்து வயதில்தான் தெரிந்தது.

அந்த மூக்கு மருந்து என்ன? பீனிசத்துக்கு அடிக்கிற மாதிரியா?

அடிக்கிற விதம் அப்படித்தான், உள்ளே இருப்பது வேறு. பெயர் கார்பெட்டோசின். ஒக்சிடோசின் என்று ஒரு ஹோர்மோன் இருக்கிறது, பிள்ளை பெறும்போது கருப்பையைச் சுருங்க வைப்பதும் பால் இறங்க வைப்பதும் அதுதான். அதே ஹோர்மோன் மூளைக்குள் பசியை அடக்குவதிலும் பதற்றத்தைத் தணிப்பதிலும் பங்கெடுக்கிறது. பிராடர்-வில்லி இருந்து இறந்துபோன 5 பேரின் மூளையை நெதர்லாந்தில் ஆராய்ந்தபோது, ஒக்சிடோசின் சுரக்கும் நரம்புக் கலங்கள் மற்றவர்களைவிட 42 சதவீதம் குறைவாக இருந்தன. 1995இல் வெளியான முடிவு அது. சரி, குறைகிறதைக் கொடுத்துப் பார்ப்போமே என்ற எண்ணம் அங்கிருந்துதான் வந்தது.

முதலில் ஒக்சிடோசினையே மூக்கில் அடித்துப் பார்த்தார்கள். சில இடங்களில் கொஞ்சம் நல்ல பலன் தெரிந்தது, அவுஸ்திரேலியாவில் நடந்த ஒரு சோதனையில் பலன் தெரியாததோடு அளவைக் கூட்டியபோது கோபம்தான் கூடியது. கார்பெட்டோசின் அதன் செயற்கைத் தம்பி. உடம்பில் கூடுதல் நேரம் நிற்கும், ஒக்சிடோசினுக்கு உரிய கதவையே தேடிப்போய்த் தட்டும், பக்கத்துக் கதவுகளை அவ்வளவாகத் தட்டாது.

ஏன் மூக்கு? குளிசையாக் குடுத்தா என்ன?

இது புரதத் துண்டு. விழுங்கினால் வயிறு அதை இறைச்சி, மீனைச் சமிக்கச் செய்கிற மாதிரி சமிக்கச் செய்துவிடும். மூக்கின் மேற்பகுதியிலிருந்து மூளைக்கு நரம்புவழி கிட்ட என்பதால் அந்த வழியைப் பிடித்தார்கள். அடித்ததில் எவ்வளவு உண்மையில் மூளைக்குப் போய்ச் சேருகிறது என்பதில் ஆராய்ச்சியாளர்களுக்குள்ளேயே இன்னும் வழக்கு முடியவில்லை.

பசியை எப்படி டீச்சர் அளக்கிற? தராசிலயா?

எனக்குப் பிடித்த கேள்வி இது. பசியைக் காட்டும் இரத்தப் பரிசோதனை கிடையாது. அதனால் தாயிடம் கேட்கிறார்கள். ஒன்பது கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை புள்ளி, மொத்தம் 36. கடந்த இரண்டு கிழமையில் சாப்பாடு மறுத்தபோது எவ்வளவு குழம்பினான், இன்னும் வேண்டும் என்று எத்தனை தரம் பேரம் பேசினான், களவாக எடுத்தானா, குப்பையில் தேடினானா, இரவில் எழும்பிச் சாப்பாடு தேடினானா, சாப்பாட்டு நினைப்பிலிருந்து அவனைத் திருப்புவது எவ்வளவு கஷ்டம், இப்படிப் போகும்.

நான் ஒரு நாள் இரவு, மகன் படுத்த பிறகு, அந்தக் கேள்விகளை ஒற்றையில் எழுதி எனக்கு நானே புள்ளி போட்டுப் பார்த்தேன். “களவாக எடுத்தானா” என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது. எடுக்கவில்லை. ஏன் எடுக்கவில்லை? குசினித் திறப்பு என் கழுத்தில் தாலிக்கொடியோடு கிடக்கிறது, எப்படி எடுப்பான்? அதற்கு முந்திய மாதம் நான் திறப்பை மறந்து குளிக்கப் போன பத்து நிமிசத்தில், வறுத்து வைத்த அரிசிமாவை ஒரு சுண்டு அப்படியே விழுங்கி, முகமெல்லாம் வெள்ளையாக நின்றான். ஆக, அந்த மாதம் புள்ளி கூட, இந்த மாதம் புள்ளி குறைய, பசியோ அதே பசி. பூட்டு நல்ல பூட்டாக இருந்தால் புள்ளியும் இறங்கும்.

அதோடு, கையில் ஒரு புது மருந்துப் போத்தல் கிடைத்த தாயின் கண்ணுக்கு எல்லாம் கொஞ்சம் நல்லதாகத்தான் தெரியும். நாங்கள் அந்தளவுக்குக் காத்துக் கிடக்கிறவர்கள். இந்த இரண்டு விசயத்தையும் பிடித்துக்கொண்டால் பின்னால் வரும் பதில்கள் லேசாக விளங்கும்.

மருந்தில்லாத தண்ணியை அடிச்சு பிள்ளையள ஏமாத்துறது பாவமில்லையா?

வெறும் திரவத்தை பிளாசிபோ என்பார்கள். போத்தல் ஒரே மாதிரி, யாருக்கு எது என்று தாய்க்கும் தெரியாது, பார்க்கிற டொக்டருக்கும் தெரியாது, குலுக்கல் முறையில்தான் பிரிப்பு. ஆனால் இப்படி ஒரு பிரிவு இருக்கிறது என்பதைச் சேரும் முன்பே சொல்லி, பெற்றோர் கையெழுத்து வைத்த பிறகுதான் தொடங்குவார்கள், ஆகவே ஏமாற்று என்று சொல்ல முடியாது. வெறும் திரவம் பெற்ற வீடுகளிலும் புள்ளி இறங்குகிறது (காரணம் மேலே சொன்ன அதே காத்துக்கிடப்பு). அந்தப் பிரிவு இல்லாவிட்டால் தேங்காய்த் தண்ணீரை மூக்கில் விட்டுக்கூடப் பசி அடங்கியது என்று எழுதிவிடலாம்.

பெரிய சோதனை ஒன்றில் முதல் 8 வாரம் முடிந்ததும் எல்லோருக்கும் உண்மை மருந்தே கொடுத்தார்கள். எனக்கு அது நியாயமாகத்தான் படுகிறது.

சரி, கடைசியில என்னதான் நடந்தது? ஒராள் வந்திட்டுது எண்டுறார், ஒராள் இல்லை எண்டுறார்.

இரண்டு பேரும் வேறு வேறு வருடத்துச் செய்தியைப் பார்த்திருக்கிறார்கள். முதலில் 10 முதல் 18 வயதுவரை 37 பேரில் 14 நாள் சோதனை. பசி குறைந்தது, எல்லோருக்கும் சந்தோசம், 2018இல் கட்டுரையாக வந்தது. அடுத்தது பெரியது. 7 முதல் 18 வயது, 130 பேர், ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் முன் நாளைக்கு மூன்று வேளை, ஒரு பிரிவுக்கு 9.6 மில்லிகிராம், ஒரு பிரிவுக்கு 3.2, ஒரு பிரிவுக்கு வெறும் திரவம். கொரோனா வந்ததால் ஆள் சேர்ப்பதை நினைத்ததற்கு முன்பே நிறுத்த வேண்டி வந்தது. முடிவைப் பார்த்தால் ஒரு விசித்திரம்: பெரிய அளவு எடுபடவில்லை, சின்ன அளவில்தான் பசியும் பதற்றமும் குறைந்த மாதிரி தெரிந்தது. ஆனால் சோதனை தொடங்கும்போது “பெரிய அளவு வேலை செய்யும்” என்றுதான் எழுதிக் கொடுத்திருந்தார்கள். பந்தயத்தில் கட்டிய மாடு தோற்ற பிறகு பக்கத்து மாட்டைக் காட்டிப் பரிசு கேட்க முடியாதே. அமெரிக்க மருந்து அதிகாரசபையும் 2022 ஜனவரியில் அனுமதி மறுத்தது.

பிறகு அக்காடியா என்ற கம்பனி அந்த மருந்தை எடுத்து, சின்ன அளவை மட்டும் வைத்து, 5 முதல் 30 வயதுவரையானவர்களில் 12 வாரம் திரும்பச் சோதித்தது. 2025 செப்டம்பரில் முடிவு வந்தது: வெறும் திரவத்தைவிட மேலான பலன் இல்லை. கம்பனி இந்த மருந்தை இனித் தொடர்வதில்லை என்று அறிவித்துவிட்டது. ஆக, மூக்கு மருந்து வரவில்லை.

தோத்தது எண்டா மருந்து பொய் எண்டு அர்த்தமா? ஒரு சில பிள்ளையளுக்குச் சரிவந்திருக்கலாம்தானே?

வந்திருக்கலாம். ஆனால் எந்தப் பிள்ளைக்கு என்று யாராலும் சொல்ல முடியாது, அதுதான் சிக்கல். முந்திய சோதனையில் சின்ன அளவில் தெரிந்த பலன் தற்செயலாக வந்ததா என்று பார்க்கத்தான் திரும்பச் செய்தார்கள், பார்த்தார்கள், திரும்ப வரவில்லை. அன்றைக்கு நான் அழுதது உண்மை. அதற்காகச் சோதனை செய்தவர்களைத் திட்ட எனக்கு மனமில்லை. நாளைக்கு மூன்று தரம் பிள்ளையைப் பிடித்து மூக்கில் அடித்து, முகம் சிவந்து சூடாகிறதைப் பார்த்துக்கொண்டு (இதன் பக்க விளைவுகளில் கூடுதலாகக் கண்டது அதுதான்), வருடக் கணக்கில் காசைக் கொட்டி, கடைசியில் அது வெறும் தண்ணீருக்குச் சமம் என்று தெரியவருவதைவிட இது நல்லது.

இது பிரசவ வார்ட்டில இருக்கிற ஊசிதானே? ஒரு குப்பி எடுத்து மூக்கில விட்டுப் பார்த்தா என்ன?

கேட்டவர் ஒரு மிஸ்ஸி (தாதி), எனக்குக் கிட்டத்துச் சொந்தம், அதனால் பெயர் வேண்டாம். கார்பெட்டோசின் ஊசி பிரசவத்துக்குப் பின் இரத்தப் போக்கைத் தடுக்கப் பாவிப்பது உண்மை. சூட்டைத் தாங்கும் வகை ஒன்று உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் 2019இல் சேர்ந்தது. குளிரூட்டி தேவையில்லை என்பதால் எங்கள் மட்டக்களப்பு வெயிலுக்கு ஏற்ற சாமான்தான், தாய்மாருக்கு. ஊசியில் இருக்கும் அளவு மைக்கிரோகிராமில், மூக்கு மருந்தின் அளவு மில்லிகிராமில். குப்பியை மூக்கில் விட்டால் அளவும் இல்லை, பலனும் இல்லை, ஒரு தாய்க்கு வைத்த மருந்தும் வீண். முழு அளவில் முறையாகக் கொடுத்தே என்ன நடந்தது என்று மேலே எழுதியிருக்கிறேன்.

ஒரு குளிசை வந்திரிக்காமே, கட்டாரில இருந்து எடுப்பிக்கலாமா?

குளிசை வந்தது உண்மை. டயசொக்சைட் கோலின், வைகட் என்ற பெயரில், 2025 மார்ச்சில் அமெரிக்கா அனுமதித்தது. நான்கு வயதிலிருந்து கொடுக்கலாம், நாளைக்கு ஒரு தரம். பிராடர்-வில்லியின் பசிக்கென்றே அனுமதி பெற்ற முதல் மருந்து. இரத்தத்தில் சீனியைக் கூட்டும், உடம்பில் நீர் கட்டும், முடியை அடர்த்தியாக வளர வைக்கும், அதனால் டொக்டர் தொடர்ந்து பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். பையில் போட்டு ஆள் வசம் அனுப்பிவிடுகிற பனடோல் இல்லை இது. இலங்கையில் பதிவில்லாத மருந்தைக் கொண்டுவர தேசிய ஒளடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையின் அனுமதி வேண்டும், அதை டொக்டர் மூலம்தான் கேட்க வேண்டும். டயசொக்சைட் என்ற பழைய மருந்து ஒன்று இருக்கிறது, பெயர் ஒன்று போல இருப்பதால் அதை வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள்.

மெலியிற ஊசி போட்டா?

அந்த ஊசிக் குடும்பத்தில் லிரக்ளூடைட் என்ற ஒன்றைப் பிராடர்-வில்லிப் பிள்ளைகளில் பார்த்தார்கள், எடையில் சொல்லும்படியான வித்தியாசம் வரவில்லை. மேலும் அவை வயிறு காலியாவதைத் தாமதிக்கும், இந்தப் பிள்ளைகளுக்கு அது ஏன் பயம் என்று அடுத்த பதிலில் பாருங்கள்.

ஒரு நாளைக்குக் கொஞ்சம் கூடச் சாப்பிட்டா என்ன வந்திரும்? பாவம் பிள்ளை.

இதை மட்டும் பொறுமையாக வாசியுங்கள். இந்தப் பிள்ளைகளுக்கு வலி குறைவாகத்தான் தெரியும், வாந்தி வருவதும் அரிது. நமக்கு வயிறு நிறைந்தால் வலிக்கும், சத்தி வரும், அது ஒரு காவல். அவர்களுக்கு அந்தக் காவல் இல்லாததால், ஒரே இருப்பில் அளவுக்கு மிஞ்சிச் சாப்பிட்டு இரைப்பை ஊதி, இரத்த ஓட்டம் நின்று, கிழிந்தே போகலாம். மெலிந்த பிள்ளைக்கும் இது நடக்கும். அவசரமாக விழுங்கி மூச்சடைப்பதும் உண்டு. வயிறு ஊதியிருக்கிறது, பிள்ளை வழமைக்கு மாறாகச் சோர்ந்திருக்கிறது, அல்லது என்றுமே சத்தி எடுக்காதவன் எடுக்கிறான் என்றால் கஞ்சி கொடுத்துப் பார்ப்போம் என்று இருக்க வேண்டாம், நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய் வருத்தத்தின் பெயரைச் சொல்லுங்கள். நான் அதைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி, மடித்து, மகனின் புத்தகப் பையில் வைத்திருக்கிறேன்.

மருந்தே இல்லை எண்டா டொக்டரிட்ட ஏன் போகோணும்?

பசிக்கு மட்டும்தான் இங்கே எங்கள் கையில் எதுவும் இல்லை. வளர்ச்சி ஹோர்மோன் ஊசி உயரத்துக்கும் தசைக்கும் உதவும் (பசிக்கு உதவாது), தொடங்கும் முன் நித்திரையில் மூச்சு எப்படி என்று பார்ப்பார்கள். தைரொயிட், சீனி, முதுகெலும்பு வளைவு எல்லாம் பார்க்க வேண்டும். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைச் சிறுவர் கிளினிக்கிலோ உங்களுக்குக் கிட்ட உள்ள ஆதார வைத்தியசாலையிலோ தொடங்கலாம். கொழும்பு லேடி ரிஜ்வே சிறுவர் வைத்தியசாலையில் ஹோர்மோன் வருத்தங்களுக்கென்றே பிரிவு இருக்கிறது. வருத்தத்தை உறுதிப்படுத்த மெத்திலேசன் என்ற டீஎன்ஏ பரிசோதனை ஒன்று போதும், அநேகமாக எல்லோரையும் அது பிடித்துவிடும். எங்கள் பிள்ளையின் இரத்தமும் கொழும்புக்குத்தான் போனது.

நோன்புக்கும் கோயில் அன்னதானத்துக்கும் என்ன செய்யிற?

காத்தான்குடித் தாய் ஒருவர் கேட்டார், நானும் மாமாங்கத் திருவிழாவை நினைத்து அதையே கேட்டுக்கொண்டிருந்தேன். நோன்பு பிடிப்பது பற்றி மார்க்கம் தெரிந்தவரிடமும் டொக்டரிடமும் கேளுங்கள், அதில் நான் தலையிட மாட்டேன். நான் கண்ட மட்டில் பட்டினியைவிடப் பயம் நோன்பு திறக்கிற மேசைதான்: ஒரே நேரத்தில், எல்லாச் சாப்பாடும், எல்லோரும் கும்பலாக. அவனுக்கென்று தனித் தட்டில் அளந்து வைத்து, “இது உன்ர, இதோட முடிஞ்சுது” என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் பாதிச் சண்டை இல்லை. நேரம் தெரிந்தால் அவன் அமைதியாக இருப்பான். எப்போது கிடைக்கும், கிடைக்குமா கிடைக்காதா என்று தெரியாத இடத்தில்தான் கத்துவான். கந்தூரிக்கும் அன்னதானத்துக்கும் அதே முறைதான். வரிசையில் நிற்க விடுவதில்லை, கும்பிட்டுவிட்டு வந்துவிடுவோம்.

பாண் ஆட்டோவுக்கு மட்டும் இன்னும் வழி கண்டுபிடிக்கவில்லை. அதன் பாட்டுச் சத்தம் பாலத்தடியில் வரும்போதே அவன் கேற்றுக்கு ஓடிவிடுவான்.

உங்கட வீட்டை வந்து கதைக்கலாமா டீச்சர்?

தாராளமாக. சனிக்கிழமை பின்னேரம் மூன்றுக்குப் பிறகு வாருங்கள், அப்போதுதான் அவன் சாப்பிட்டு முடித்துக் கொஞ்சம் அடங்கியிருப்பான். வெறுங்கையோடு வாருங்கள். பிள்ளை இருக்கிற வீட்டுக்கு வெறுங்கையோடு எப்படிப் போவது என்று வடை, பிஸ்கட் என்று எதையாவது பையில் செருகிக்கொண்டு வரவே வேண்டாம், பையைத் திறக்காவிட்டாலும் அவனுக்கு மணம் தெரியும்.